குமரேசனுக்கு இரண்டு மெமோ

1

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில், ஒரு விசாரணைக் கோப்பில், நான் சிரித்த சிரிப்பை ‘இணைப்பு – 4’ என்று எண் போட்டுக் கோத்து வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊரில் என் பெயருக்கு நான் சேர்த்த ஒரே அரசு ஆவணம் அதுதான். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. சிரிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரிக்கிறேன். அந்த ஒரு நொடி புதிதாக வந்த பழக்கம்.

சொந்த ஊர் புதுப்பட்டினம், கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. இப்போது இருப்பது கனடாவில், வருடத்தில் ஐந்து மாதம் வெள்ளையாகக் கிடக்கும் ஒரு சமவெளி நகரம். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை. மீட்டர் பார்ப்பது, குழாய் உறைந்தால் உருக்குவது. அதோடு ஆறு வருடமாகத் தொழிற்சங்கப் பிரதிநிதி. அந்தப் பதவிக்கு அன்று யாரும் கை தூக்கவில்லை. நான் சோம்பல் முறித்தேன், எழுதிக்கொண்டார்கள்.

போன குளிர்காலத் தொடக்கத்தில் எனக்கு ஒரு வழக்கு வந்தது. பனி வாரும் வண்டி ஓட்டுகிற பிராட் என்பவன் தன் முகநூலில், எந்தப் புயல் அடித்தாலும் மேயர் வீட்டுத் தெருவைத்தான் முதலில் வாரச் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டான். அவருக்கு மட்டும் கடவுள் தனியாக வெயில் காலம் ஒதுக்கியிருக்கிறார் என்றும் ஒரு வரி. நகராட்சி அவனை வீட்டில் உட்கார வைத்தது. விசாரணையில் நான் அவனுக்காகப் பேசினேன். பேச்சு சூடு பிடித்தபோது தமிழ் உள்ளேயிருந்து முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ‘இவனுக்கு வாய் நீளம், கை சுத்தம்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எதிரே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டு பிராடின் வாயைப் பார்த்தார். பிராட் வாயைத் துடைத்துக்கொண்டான்.

விளக்க வேண்டியதாயிற்று. ஊர் எப்படி நடக்கிறது என்று இவன் பேசினான், அது வாய். அலுவலகக் கணினியில் பார்த்த யாருடைய விலாசத்தையும் எடுத்து வெளியே போடவில்லை, எந்தக் குடிமகனையும் குறிவைத்து விரட்டவில்லை, அது கை. வாய்க்குத் தண்டனை கொடுக்காதீர்கள். இவ்வளவுதான் என் வாதம். ஜெயித்துவிட்டோம். பிராட் இரண்டு பெட்டி டோனட் வாங்கி வந்தான். அன்று மதியம் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை. பேச்சுரிமையைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல ஒரு மிதப்பு.

அந்த மிதப்பில், மூன்றாவது டோனட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது குமரேசனிடமிருந்து ஒரு படம் வந்தது.

2

குமரேசன் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம். சதுரங்கப்பட்டினம் கரையில் ஒருநாள் படகுக் கயிற்றில் அவனுடைய வலது கட்டைவிரல் மாட்டி நசுங்கியது. நகம் விழுந்து திரும்ப முளைத்தபோது நடுவில் பிளந்து இரண்டாக முளைத்தது, ஆட்டுக் குளம்புபோல. அன்று அந்தக் கட்டைவிரலைச் சட்டையில் சுற்றி, அவனைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனவன் நான். இன்று அவன் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். மனை, பட்டா சம்பந்தமான மனுக்கள் அவன் மேசைக்குத்தான் வரும்.

படத்தில் ஒரு பெண்ணின் தலையில் கிரீடம் ஒட்டி, கையில் செங்கோலுக்குப் பதில் சுருட்டிய காகிதம் கொடுத்து, கீழே ‘மனு மகாராணி’ என்று எழுதியிருந்தது. இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தது, அதை இங்கே எழுத மாட்டேன்.

“எப்டி கீது மச்சான்?” என்று கேட்டிருந்தான்.

கண்ணீர் வழியச் சிரிக்கும் பொம்மை மூன்று அனுப்பினேன். யார் அந்தப் பெண் என்று கேட்கக்கூட இல்லை. எங்கள் பள்ளி நண்பர்கள் குழுவிலும் அதைத் தள்ளிவிட்டேன்.

3

என் மகள் ஜெனிக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒன்பது வயதில் விட்டுவிட்டாள். அதற்கப்புறம் நாங்கள் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, வீடு இரண்டு வானொலிபோல ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று போன வருடம் ஒருநாள் காலை, உப்புமாவைப் பார்த்து, “இன்னாபா, இன்னிக்கும் இதான் நாஸ்தாவா?” என்றாள். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இருவருமே அப்படிப் பேசுவதை விமானம் ஏறும்போது விட்டுவிட்டவர்கள்.

கைப்பேசியில் ஓர் அக்காவிடம் கற்றுக்கொள்கிறேன் என்றாள். யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மகள் தமிழ் பேசுகிறாள், அதுவும் புதுப்பட்டினத்துத் தமிழ். அந்த மகிழ்ச்சியில் மற்றதை விட்டுவிட்டேன்.

டோனட் சாப்பிட்டுப் பத்து நாள் இருக்கும். சாப்பாட்டு மேசையில் ஜெனி கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

“அப்பா, என் அக்காவ யாரோ ரொம்ப பேஜார் பண்றாங்க.”

அந்தக் கிரீடம் வைத்த பெண்தான் அவளுடைய அக்கா.

பெயர் கன்னியம்மா. புதுப்பட்டினம் கடைத்தெருவில் தையல் கடை. அம்மா பெயரில் வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு மனு கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்கு ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு வீடியோ போடுகிறார். பிரியாணிக் கடையில் சாப்பிட்டு மதிப்பெண் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அதேபோல அரசு அலுவலகங்களுக்கு. “பெஞ்சு நல்லாகீது, காத்தும் வருது. தண்ணிப் பானைக்கு மூடி கீது, தண்ணிதான் இல்ல. ஃபேன் சுத்துது, ஃபைல் சுத்தல. மூணாவது சீட்டு காலி. அஞ்சுக்கு ரெண்டு மார்க் குடுக்கறேன், அதுகூட பெஞ்சுக்கோசரம்.” யார் பெயரையும் சொல்வதில்லை, யார் முகத்தையும் காட்டுவதில்லை. ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். ஜெனியோடு உட்கார்ந்து எட்டு வீடியோ பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இது வேறு சிரிப்பு.

பிறகு ஜெனி அடுத்ததைக் காட்டினாள். கிரீடப் படத்தை ஊருக்கே போட்டிருந்த ஒரு பொய்ப் பெயர்க் கணக்கில் புதிதாக ஒன்று. ஒரு மனுவின் புகைப்படம். விலாசமும் கைப்பேசி எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. ‘மகாராணியோடு பேச ஆசைப்படுகிறவர்கள் கூப்பிடலாம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே முந்நூறு பேர் வாய்க்கு வந்ததை எழுதியிருந்தார்கள்.

ஜெனி மனுவின் ஓரத்தை விரலால் பெரிதாக்கினாள். காகிதத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் தெரிந்தது. நகம் நடுவில் பிளந்திருந்தது.

“இது இன்னா நகம் இப்டி கீது?” என்றாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் அனுப்பிய மூன்று பொம்மைகளையும் காட்டினேன். மறைத்திருக்கலாம். ஆனால் அவள் என்னைவிடத் தெளிவாகப் பார்க்கிறவள், எப்படியும் பெரிதாக்கிப் பார்த்துவிடுவாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினாள். அப்படி ஒரு தண்டனை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

4

குமரேசனைக் கூப்பிட்டேன்.

“அது நீதானே?”

“எது?”

“கட்டைவிரலு தெரியுதுடா.”

சீறினான். “அவ மட்டும் பேசலாம், நான் பேசக்கூடாதா? உங்க ஊர்ல யாரோ மேயர திட்டினதுக்கு நீ போய் வக்காலத்து வாங்கி ஜெயிச்சேன்னு சொல்லிகினு இருந்தியே. எனக்கு மட்டும் வாய் இல்லையா மச்சான்?”

இருக்கிறது என்றேன். அவளைப் பற்றி நினைத்ததை உன் பெயரில் எழுது என்றேன்.

“என் பேர்ல எழுதினா அடுத்த நாளே மெமோ. அரசு ஊழியன் வாயத் தொறக்கறதுக்கு மேல கேக்கணும். அந்த மூணாவது சீட்டு யாரு சீட்டு தெரியுமா? என் சீட்டு. அன்னிக்கு நான் டீ குடிக்கப் போகல. மழைல இடிஞ்ச செவுரும் செத்த மாடும் எண்ணிகினு ஏரிக்கரைல சேத்துல நின்னுகினு இருந்தேன். ஆபீஸ்ல மூணு ஆள் வேலய நான் ஒருத்தன் பாத்துகினு கீறேன். என் புள்ளய ஸ்கூல்ல ‘காலி சேரு, காலி சேரு’ன்னு கூப்புட்றானுங்க. அத யாராண்ட போய் சொல்லுவேன்?”

அவன் சொன்னது நிஜம். எனக்குப் பின்னால் ஒரு சங்கமும் ஓர் ஒப்பந்தமும் இருக்கின்றன, அதனால் என் வாய் நீளம். அவன் வாயை வேலையில் சேர்ந்த அன்றே தைத்துவிட்டார்கள். தைத்த வாய்க்காரன் பொய்ப் பெயரில் பேசப் போனது எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த மனு இருந்ததே.

“அந்த நம்பர் யாருது தெரியுமா?” என்றேன்.

“அவளுதுதான்.”

“மனு யார் பேர்ல கீது, நல்லா பாரு. அவங்க அம்மா பேர்ல. அது அம்மாவோட நம்பர்.”

ஜெனி அதைக் கண்டுபிடித்திருந்தாள். கன்னியம்மாவின் கடைசி வீடியோவில் மதிப்பெண் எதுவும் இல்லை. அறுபத்தெட்டு வயது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கைப்பேசி அடிக்கிறது. எடுத்து, “ஆபீஸ்லேந்து பேசுறீங்களா ஐயா? பட்டா வந்துட்ச்சா?” என்கிறார். எதிர்முனையில் யாரோ அசிங்கமாக ஏதோ சொல்கிறான். அம்மா வைத்துவிடுகிறார். திரும்ப அடிக்கிறது, திரும்ப எடுக்கிறார். “ஆஃப் பண்ணி வைம்மா” என்கிறார் மகள். “ஆபீஸ்லேந்து கூப்புட்டா இன்னா பண்றது?” என்கிறார் அம்மா.

இதை நான் சொல்லி முடித்ததும் குமரேசன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். சற்று நேரத்தில் அந்தப் பதிவு மறைந்தது. ஆனால் படம் எடுத்து வைத்தவர்கள் எடுத்து வைத்துவிட்டார்கள். அழைப்புகள் நிற்கவில்லை.

5

டிசம்பர் விடுமுறையில் ஜெனியோடு ஊருக்கு வந்தேன். இரண்டு வாரம். இறங்கிய மறுநாளே அவள் என்னைத் தையல் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கன்னியம்மாவைப் பார்த்ததும், மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் முதல்முறையாகக் கையை விட்டு ஓட்டுவதுபோல, மளமளவென்று பேச ஆரம்பித்தாள். “அக்கா, நான் அங்கேர்ந்து உன்னதான் பாத்துகினு கீறேன்.” கன்னியம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணாத்த, இத எந்த ஊர்ல வளத்த?”

சொன்னேன். “அங்க இப்டியா பேசறாங்க?” என்று கேட்டார். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்முன் சொல்லிவிட வேண்டும் என்று, நான் அனுப்பிய பொம்மைகளைப் பற்றிச் சொன்னேன். படத்தையும் நம்பரையும் போட்டது யார் என்று தெரியும் என்றும் சொன்னேன். பெயரை இன்னும் சொல்லவில்லை.

கன்னியம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார். “கிரீடத்துக்கு நானும்தான் சிரிச்சேன். கீழ எழுதியிருந்ததுக்கு அழுதேன். ரெண்டும் சரியாப்பூட்ச்சு. எங்கம்மா நம்பர எதுக்கோசரம் குடுத்தான்? ஆபீஸ நம்பித்தானே அத எழுதிக் குடுத்தோம்? எல்லாரும் நம்பர மாத்திக்கோன்னு சொல்றாங்க. அம்மா ஒத்துக்கல. மனுல கீற நம்பர் அதானே. மாத்தினா மனு இன்னா ஆவும்?”

விசாரணையில் நான் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் திணறிய வாதத்தை அவர் நூல் கோக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். புகார் எழுதுங்கள், நான் சாட்சிக் கடிதம் தருகிறேன் என்றேன். வெளியே வந்து குமரேசனுக்குச் செய்தி அனுப்பினேன். ‘சாயந்தரம் எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்குள்ள நீயே தையல் கடைக்கு வந்து சொல்லிடு.’

வருவான் என்று நான் நினைக்கவில்லை. நாலரை மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கிக் கடைக்குள் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். கண்ணாடியும் மூடியிருந்தது.

“இன்னா சார் வேணும்? பேன்ட்டு பிடிக்கணுமா?” என்றார் கன்னியம்மா.

உள்ளேயிருந்து ஏதோ முணுமுணுப்பு கேட்டது.

“ஹெல்மெட்ட கழட்டு சார். ரோட்ல போடாதவனெல்லாம் கீறான், நீ கடைக்குள்ள போட்டுகினு நிக்கற.”

கழற்றினான். அழுதிருந்தான். “நாந்தாம்மா” என்றான். மூன்றாவது சீட்டு நான், நம்பர் போட்டது நான், அது உங்கம்மா நம்பருன்னு தெரியாது, தெரிஞ்சாலும் தப்புதான் என்று ஒரே மூச்சில் சொன்னான்.

முப்பது வருட நட்பு அந்தத் துணிக்குவியலுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. கன்னியம்மா கத்தியிருந்தாலும், கத்தரிக்கோலை எடுத்து வீசியிருந்தாலும்கூட நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் கைப்பேசியை எடுத்து ஜெனியிடம் கொடுத்தார்.

“புடி கண்ணு. சார், உன் பேரச் சொல்லு. இன்னா வேலை பாக்கறன்னு சொல்லு. அன்னிக்கு சீட்டு ஏன் காலின்னு சொல்லு. அப்பால நம்பர் விசயத்த சொல்லு.”

“பேசினா மெமோ குடுப்பாங்கம்மா.”

“நம்பர் போட்டியே, அதுக்கு பர்மிஷன் வாங்கினியா?”

குமரேசன் என்னைப் பார்த்தான். நான் கனடாத் தொழிற்சங்கப் பிரதிநிதி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன், அதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு அவன் பேசினான். முதல் ஒரு நிமிடம் அலுவலகக் கடிதம்போல, ‘மேற்படி நாளில் களப்பணி நிமித்தம்’ என்றெல்லாம் வந்தது. “வூட்ல பேசற மாதிரி பேசு சார்” என்று கன்னியம்மா அதட்டியதும் உடைந்துகொண்டு வந்தது. சேறு, இடிந்த சுவர், செத்த மாடு, ஆள் இல்லாத இரண்டு நாற்காலி, பள்ளியில் பிள்ளைக்கு வைத்த பெயர், கோபம், அந்த மனுவை மேசையிலிருந்து எடுத்துப் படம் பிடித்த நிமிடம், எல்லாம். கடைசியில் கன்னியம்மாவின் அம்மாவிடம், தன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். இனி யாரும் கூப்பிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“சீட்டு விசயத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே” என்றார் கன்னியம்மா. “அதுல என் பேர்லயும் தப்பு கீது. காலி சீட்டுன்னு சொன்னேன், ஏன் காலின்னு கேக்கல. புள்ளைக்கு அந்தப் பேரு என்னாலதான் வந்துட்ச்சு.”

குமரேசனின் முகம் தெளிந்தது. “அப்ப புகாரு...” என்று இழுத்தான்.

“அது நாளைக்குக் குடுப்பேன். மன்னிப்பு வேற, மனு வேற சார்.”

ஜெனி பதிவை நிறுத்த மறந்திருந்தாள். அந்த வரியும் வீடியோவில் இருக்கிறது. ஊரே பார்த்தது அதைத்தான்.

6

அந்த வீடியோ கோவளத்திலிருந்து படாளம் வரை சுற்றியதாகச் சொன்னார்கள். அம்மாவுக்கு வந்த அசிங்கமான அழைப்புகள் குறைந்தன. அதற்குப் பதில், “பட்டா வந்துட்ச்சாம்மா?” என்று விசாரிக்கிற அழைப்புகள் வர ஆரம்பித்தன. அம்மாவுக்கு இதுவும் தொல்லைதான், ஆனால் இந்தத் தொல்லை பிடித்திருக்கிறது.

நான் கனடா திரும்புவதற்குள் குமரேசனுக்கு முதல் மெமோ வந்துவிட்டது. அரசு ஊழியர்கள் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பதினேழு-பி, பெரிய தண்டனைக்கான விதி. அலுவலகத்துக்கு வந்த மனுவை வெளியிட்டது, பொய்ப் பெயரில் ஒரு பெண்ணைத் தொடர்ந்து இழிவுபடுத்தியது. பணியிடை நீக்கம். சாட்சிகளில் ஒருவன் நான். அவன் எனக்கு அனுப்பிய படம், நான் திருப்பி அனுப்பிய சிரிப்பு எல்லாம் இணைப்புகள். விமானநிலையத்துக்குக் கிளம்பிய அன்று அவன் வழியனுப்ப வரவில்லை. அது நியாயம்தான். ஆனாலும் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

மூன்று வாரம் பேச்சில்லை. ஒருநாள் மதியம், மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில் ஒரு பாட்டி வீட்டுக் குழாயை உருக்கிக்கொண்டிருந்தபோது அவன் அழைத்தான். குரலில் ஒரு விசித்திரமான குதூகலம்.

“மச்சான், இன்னொண்ணு குடுத்துட்டாங்க.”

“இன்னாது?”

“மெமோ. ‘முன் அனுமதியின்றி சமூக ஊடகத்தில் தோன்றி அலுவலகப் பணியாளர் பற்றாக்குறை குறித்துக் கருத்துத் தெரிவித்தமை.’ நம்பர் போட்டதுக்கு ஒண்ணு. நம்பர் போட்டது தப்புன்னு சொன்னதுக்கு ஒண்ணு.”

நான் உருக்கும் கருவியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவனும் சிரித்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பாட்டி மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். என் நண்பனுக்கு இரண்டு கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னேன். வாழ்த்துச் சொல்லும்படி சொன்னார்.

இரண்டாவது மெமோவுக்குப் பதிலை நான் எழுதினேன். மதிய இடைவேளைகளில், வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, தமிழில். பதினெட்டு வருடத்தில் நான் எழுதிய மிக நீளமான தமிழ்க் கடிதம் அது. ‘பற்றாக்குறை’யின் கடைசி எழுத்து ரையா, றையா என்று ஜெனியைக் கேட்டேன். கன்னியம்மா அக்காவின் வீடியோவுக்குக் கீழே எழுத்தாக ஓடுவதைப் பார்த்து அவள் சொன்னாள். நகராட்சிக்கு எதிராகச் சொன்ன அதே வாதம்தான். அலுவலகத்தில் ஆள் இல்லை என்பது பொதுமக்கள் அறிய வேண்டிய செய்தி, இவன் யாருடைய தகவலையும் வெளியிடவில்லை, யாரையும் இழிவு செய்யவில்லை, தன் பெயரில் பேசினான். ஒரு வழக்கில் நான் அவனுக்கு எதிர்ச்சாட்சி, இன்னொரு வழக்கில் அவனுக்கு எழுதிக் கொடுப்பவன். இங்கே என் சங்கத்து ஆட்களிடம் சொன்னபோது அப்படியெல்லாம் விதியில் இடமில்லை என்றார்கள்.

முடிவு வந்துவிட்டது. முதல் மெமோவில் ஊதிய உயர்வு நிறுத்தம், மதுராந்தகம் பக்கம் இடமாற்றம். தகுந்த தண்டனை என்று அவனே சொல்கிறான், அதுவும் சத்தமாக, பேருந்தில் நின்றுகொண்டு. இரண்டாவதில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். எச்சரிக்கைகூட வேண்டியதில்லை என்பது என் கருத்து, மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டா இன்னும் வரவில்லை. அந்த அலுவலகத்தில் காலியாக இருந்த மூன்று நாற்காலியிலும் இப்போது ஆள் இருக்கிறார்கள் என்று கன்னியம்மாவின் புதிய வீடியோ சொல்கிறது.

விசாரணை நாளில் நடந்ததைக் குமரேசன் மூன்று தடவை சொல்லிவிட்டான், நான் நான்காவது தடவையும் கேட்பேன். இரண்டு மெமோவையும் ஒரே அதிகாரி, ஒரே நாளில் விசாரித்தார். முதல் வழக்கில் கன்னியம்மா அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார், ஒரு வரி விடாமல். முடிந்ததும், நீங்கள் போகலாம் என்றார் அதிகாரி. அவர் போகவில்லை. அடுத்த வழக்கில் இந்த சாருக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க யார் பக்கம்மா?”

“மொத மெமோல எதிர்க்க. ரெண்டாவதுல பக்கத்துல.”

சாட்சிப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட முடியாது, படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார் அதிகாரி. கன்னியம்மா படிவத்தைத் தன் பக்கம் திருப்பி மேலும் கீழும் பார்த்தார்.

“இடம் கீது சார். நீங்க பேனாவக் குடுங்க.”